அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள்? பிளாஷ்பல்பு நினைவுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை முதலில் எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று, அன்று விவரம் தெரிந்த வயதில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போன இடத்தில் கூடிநின்றவர்கள் பேசிக்கொண்டது, பேருந்து ஓடாததால் ஊருக்குக் கிளம்பியவர்கள் பெட்டியோடு வீடு திரும்பியது, பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு நின்று சோக இசை ஒலித்தது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காட்சி இருக்கும். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 14 அன்று காலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அதே மனிதரைக் கேட்டால் சிரித்துவிடுவார். இரண்டுமே முப்பது ஆண்டுகளுக்கும் முந்திய நாட்கள்தாம். ஒன்று சுவடில்லாமல் மறைந்துவிட்டது. மற்றொன்று பசுமரத்தாணி போலப் பதிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

நாட்டையே உலுக்கும் செய்தி ஒன்று காதில் விழும் கணத்தில், அச்செய்தியோடு எந்தத் தொடர்பும் இல்லாத நம் சொந்தச் சூழலும் (நின்ற இடம், கையில் இருந்த வேலை, சொன்னவரின் முகம்) சேர்ந்து மனத்தில் தங்கிவிடுவதைத்தான் உளவியலாளர்கள் ‘பிளாஷ்பல்பு நினைவு’ என்கிறார்கள். பழைய கேமராவின் மேல் பொருத்திய பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிய, அறையில் இருந்த எல்லாமே, வேண்டியதும் வேண்டாததுமாக, படச்சுருளில் விழுந்துவிடும் அல்லவா, அந்தப் பொருளில் வைத்த பெயர் இது.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைக் கவனித்துக்கொள்வது நல்லது. இது நிகழ்ச்சியைப் பற்றிய நினைவு அன்று. நிகழ்ச்சியைக் கேள்விப்பட்ட கணத்தைப் பற்றிய நினைவு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று, சுனாமி அலையிலிருந்து ஓடித் தப்பியவருக்கு இருப்பது நேரடி அனுபவத்தின் நினைவு. அதன் இயல்பு வேறு, அது தரும் வேதனையும் வேறு. அதே காலையில் கோயம்புத்தூரில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியிலோ தொலைபேசியிலோ விவரம் தெரிந்துகொண்டவருக்கு இருப்பதுதான் பிளாஷ்பல்பு நினைவு. இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி மட்டுமே.

இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களில் எஃப். டபிள்யூ. கோல்குரோவ் என்ற அமெரிக்கர் ஒருவர். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது 1865-ஆம் ஆண்டில். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின், 179 பேரிடம் அச்செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று அவர் விசாரித்தார். அவர்களில் 127 பேர் முழு விவரம் சொன்னார்கள். 1899-இல் வெளியான அவருடைய கட்டுரையில் வரும் ஒரு முதிய பெண்மணி, வாசலருகே ரோஜாச் செடி நட்டுக்கொண்டிருந்ததாகவும், கணவர் வந்து சொன்னதாகவும், அப்போது முற்பகல் பதினொரு மணி என்றும் கூறுகிறார். ரோஜாச் செடிக்கும் லிங்கனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. இப்படித் தொடர்பற்ற சில்லறை விவரங்கள் தங்கிவிடுவதுதான் இங்கே உள்ள புதிர்.

அந்தக் கேள்வி நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 1977-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் ஆகிய இருவரும் அதைக் கையில் எடுத்து, இன்று வழங்கும் பெயரையும் சூட்டினார்கள். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுடப்பட்ட செய்தியைப் பற்றி வெள்ளையர் 40 பேர், கறுப்பினத்தவர் 40 பேர் என 80 பேரிடம் கேட்டபோது, ஒரே ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தாங்கள் இருந்த சூழலை விவரித்தார்கள். விடைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஒரே வகையான செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன: எந்த இடம், என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, யார் சொன்னார்கள், சுற்றியிருந்தவர்கள் எப்படி ஆனார்கள், தாம் என்ன உணர்ந்தார்கள், அடுத்து என்ன நடந்தது. மேலே சொன்ன ஸ்ரீபெரும்புதூர் நினைவுகளை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், நம் ஊர்ப் பேச்சும் அதே சட்டத்துக்குள் அடங்குவதைக் காணலாம்.

பிரவுன், குலிக் ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கென்னடி பற்றிய பகுதி அன்று. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்ட செய்தியைப் பற்றிக் கேட்டபோது, கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பங்கினருக்கு இத்தகைய நினைவு இருந்தது. வெள்ளையரில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் இருந்தது. செய்தி ஒன்றே, நாடும் ஒன்றே; ஆனால் அது யாருடைய வாழ்வைத் தொட்டதோ அவர்களிடம்தான் ஆழமாகப் பதிந்தது. 1990 நவம்பர் 22 அன்று பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலகிய செய்தி பற்றி மார்ட்டின் கான்வே குழுவினர் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கேட்டபோது, பிரிட்டனில் இருந்தவர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு அந்த நினைவு இருந்தது. பிற நாட்டவரில் 29 விழுக்காட்டினருக்கே இருந்தது. ‘தேசிய அதிர்ச்சி’ என்று செய்தித்தாள் எழுதுவது ஒன்று, அந்தத் தேசத்துக்குள் யார் யார் அதிர்ந்தார்கள் என்பது இன்னொன்று என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி எட்டிய கணத்தைத் தமிழகக் கிராமம் ஒன்றில் உள்ள மூதாட்டி சொல்வதுபோல, அதே வயதுள்ள ஒரு பஞ்சாபியரால் சொல்ல முடியுமென்று நாம் எதிர்பார்ப்பதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் அந்த 80 பேரும் சொன்னது உண்மையா? பிரவுனும் குலிக்கும் இதைச் சரிபார்க்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கணத்தைச் சரிபார்க்க வழியும் இல்லை. அதிர்ச்சியும் முக்கியத்துவமும் ஓர் எல்லையைத் தாண்டினால், மூளையில் ஒரு தனி இயக்கம் தூண்டப்பட்டு, அந்தக் கணத்தை அப்படியே அச்சிட்டுவிடுகிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. விவரம் துல்லியமாகச் சொல்லப்பட்டது என்பதாலேயே அது உண்மை என்று கொண்டது அவர்கள் வாதத்தின் பலவீனமான இடம். நீதிமன்றச் சாட்சியை அறிந்த எவரும் இங்கே சற்றுத் தயங்குவார்கள்.

தயங்கியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர். அவர் சந்தேகம் தம் சொந்த நினைவிலிருந்தே தொடங்கியது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய செய்தி வந்தபோது, சிறுவனாக இருந்த தாம் வீட்டில் வானொலியில் பேஸ்பால் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அதை நிறுத்திச் செய்தி சொன்னதாகவும், மாடிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னதாகவும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. பல ஆண்டுகள் இந்த நினைவோடு வாழ்ந்த பிறகுதான், டிசம்பர் மாதத்தில் எவரும் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது அவருக்கு உறைத்தது. அமெரிக்காவில் அது கோடைக்கால விளையாட்டு. பின்னர் வேறு ஆய்வாளர்கள், அன்று நியூயார்க்கில் நடந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் வர்ணனையைத்தான் அவர் கேட்டிருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டினார்கள். மோதிய அணிகளின் பெயர்கள் ஜயண்ட்ஸ், டாட்ஜர்ஸ்; அதே பெயர்களில் அந்நகரில் பேஸ்பால் அணிகளும் இருந்தன. ஆக, வானொலியும் விளையாட்டும் உண்மை, விளையாட்டின் வகை மட்டும் தடம் மாறியிருக்கிறது. இந்த வகைப் பிழை நினைவில் வைக்கத் தக்கது. ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இப்படித்தான், முழுக் கற்பனையாக இல்லாமல், பாதி உண்மையோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன.

தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டால் பிற்பாடு ஒப்பிடலாம் அல்லவா? அந்த வாய்ப்பு 1986 ஜனவரி 28 அன்று வந்தது. சேலஞ்சர் விண்ணோடம், அதில் ஆசிரியை ஒருவர் உட்பட ஏழு பேருடன் ஏவப்பட்டு, 73 விநாடிகளில் வானில் சிதறியது. மறுநாள் காலையே, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுமார் இரண்டரை ஆண்டுகள் சென்றபின், அவர்களில் 44 பேரைத் தேடிப்பிடித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். ஒவ்வொரு விடையிலும் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்பதையும் ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறிக்கச் சொன்னார்கள்.

இடம், செய்தி சொன்னவர் முதலான விவரங்களுக்கு ஏழு மதிப்பெண் வரை கொடுத்து இரண்டு விடைத்தாள்களையும் ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு, இத்துறையையே திருப்பிப் போட்டது. சராசரி மூன்றைக்கூட எட்டவில்லை. முழு ஏழும் பெற்றவர்கள் மூன்றே பேர். 11 பேர், அதாவது நான்கில் ஒரு பங்கினர், பூச்சியம். அவர்கள் எழுதிய முதல் கதைக்கும் இரண்டாம் கதைக்கும் ஒரு விவரம்கூட ஒத்துப்போகவில்லை. ஒரு மாணவி, வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டதிலிருந்து அறிந்ததாக மறுநாள் காலை எழுதியிருந்தார். இரண்டரை ஆண்டு கழித்தோ, விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது திரையில் செய்தி ஓடியதாக எழுதினார். இவ்வளவு பிழைகளுக்கு நடுவிலும், அவர்கள் தம் உறுதிக்குத் தந்துகொண்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்கைத் தாண்டியிருந்தது. முன்பு இப்படி ஒரு வினாத்தாளை நிரப்பியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றவர்களும் நான்கில் ஒரு பங்கினர்தாம்.

அடுத்து நடந்தது அதைவிட வியப்புக்குரியது. சில மாதங்கள் கழித்து, மாணவர்கள் தம் கைப்பட எழுதிய பழைய தாளையே அவர்களிடம் எடுத்துக் காட்டினார்கள். பார்த்ததும் ‘அடடா, ஆமாம்’ என்று பழைய நினைவு திரும்பிவிடும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். ஒருவருக்கும் திரும்பவில்லை. கையெழுத்து தம்முடையதே என்று ஒப்புக்கொண்ட பிறகும், தம் மனத்தில் இருப்பது வேறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். புதிய கதை பழைய கதையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், மேலே உள்ளதை விலக்கியதும் அடியில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அடியில் எதுவும் எஞ்சியிருந்ததாகத் தெரியவில்லை.

இது விண்ணோடச் செய்திக்கு மட்டுமே உரிய விந்தையா என்ற கேள்விக்கு, நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் மீது விமானங்களை மோதித் தாக்கிய 2001 செப்டம்பர் 11 விடை தந்தது. மறுநாளே டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் டலரிக்கோவும் டேவிட் ரூபினும் 54 மாணவர்களிடம் இரண்டு நினைவுகளை எழுதி வாங்கினார்கள்: ஒன்று, தாக்குதல் செய்தியைக் கேட்ட கணம், மற்றொன்று, அதற்கு முந்திய சில நாட்களில் நடந்த ஏதேனும் ஒரு சாதாரண நிகழ்வு, ஒரு விருந்தோ ஒரு விளையாட்டோ. ஒரு பகுதியினரை ஒரு வாரத்திலும், ஒரு பகுதியினரை ஆறு வாரங்களிலும், எஞ்சியவர்களை 32 வாரங்களிலும் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். இரு நினைவுகளும் ஒரே வேகத்தில் தேய்ந்தன. ஆனால் சாதாரண நிகழ்வின் நினைவு தேயத் தேய, அதன் தெளிவும் அதன்மீதான நம்பிக்கையும் சேர்ந்தே குறைந்தன. தாக்குதல் செய்தி பற்றிய நினைவிலோ விவரங்கள் மாறிக்கொண்டிருக்கையிலும் தெளிவும் நம்பிக்கையும் இறங்கவே இல்லை.

பிளாஷ்பல்பு நினைவு பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் ஒருவர் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இந்த முடிவைத்தான் நான் சொல்வேன். இந்த நினைவுகளின் தனித்தன்மை, அவை மற்ற நினைவுகளைவிடச் சரியாக இருப்பதில் இல்லை. சரியாக இருப்பதாக நாம் விடாமல் நம்புவதில் இருக்கிறது. ‘கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தெரிவது உண்மைதான். தெரிவது நடந்ததா என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

நினைவு எப்படித் தடம் மாறுகிறது என்பதை நெருங்கிப் பார்க்க, உலகமே அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செப்டம்பர் 11 காலையில் அதிபர் ஜார்ஜ் புஷ், புளோரிடா மாநிலம் சரசோட்டாவில் ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்களுடன் நடந்த ஒரு சந்திப்பில், வகுப்பறைக்குள் நுழையக் காத்திருந்தபோது முதல் விமானம் கோபுரத்தில் மோதுவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த மாதமும் ஒரு மேடையில் அதையே சொன்னார். ஆனால் முதல் விமானம் மோதிய காட்சி அன்று காலை எந்தத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகவில்லை; ஒரு கேமராவில் தற்செயலாகப் பதிவான அந்தப் படம் பின்னரே வெளியே வந்தது. அதிபருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதனால்தான் யாருக்கும் கிடைக்காத படம் அவருக்குக் கிடைத்தது என்று சதிக் கதை எழுதுபவர்களுக்கு இது நல்ல தீனி ஆனது. உளவியல் படித்தவருக்கு இதில் மர்மம் ஏதும் இல்லை. மோதல் காட்சிகள் பிற்பாடு ஆயிரம் முறை கண்ணில் பட்டிருக்கும். பார்த்த படமும் கேட்ட செய்தியும் ஒன்றாகி, வகுப்பறை வாசலில் காத்திருந்த அந்தக் கணத்தில் போய் அமர்ந்துவிட்டன. எமரி மாணவர்களிடமும் இதே சாய்வு தெரிந்தது. மறுநாள் காலையில், தொலைக்காட்சியில்தான் முதலில் அறிந்தோம் என்று எழுதியவர்கள் சுமார் 21 விழுக்காடு. இரண்டரை ஆண்டு கழித்து அப்படி எழுதியவர்கள் சுமார் 45 விழுக்காடு. யார் வாய்மொழியிலோ கேட்டது மங்கி, திரும்பத் திரும்பத் திரையில் பார்த்தது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் பக்கத்திலும் இதைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. என் உறவினர் ஒருவர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவில் சன் தொலைக்காட்சியில் செய்தி பார்த்ததாக அடித்துச் சொல்வார். திரையின் ஓரத்தில் இருந்த சின்னம்கூட நினைவிருக்கிறது என்பார். சன் தொலைக்காட்சி தொடங்கியதே 1993 ஏப்ரலில்தான். 1991-இல் தமிழ்நாட்டு வீடுகளில் தூர்தர்ஷனும் வானொலியும்தான். குண்டு வெடித்தது இரவு பத்து மணிக்குப் பிறகு என்பதால், மிகப் பலருக்கு விவரம் தெரிந்ததே விடிந்த பிறகுதான். மே 24 அன்று டெல்லியில் நடந்த இறுதிச் சடங்கை அவர் தூர்தர்ஷனில் பார்த்திருப்பார். பிற்காலத்தில் ஒவ்வொரு நினைவு நாளிலும் ஏதாவது ஒரு சேனலில் பழைய படங்களைப் பார்த்திருப்பார். இவை எல்லாம் சேர்ந்து ‘அந்த இரவு’ ஆகியிருக்கின்றன. இதைச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டாரா என்றால், இல்லை. ஏதோ ஒரு கேபிள் சேனல் அப்போதே இருந்தது என்று ஒரு விளக்கத்தை உடனே கொண்டுவந்தார். எமரி மாணவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

செய்தி ஒரே தவணையில் வராதபோது சிக்கல் இன்னும் கூடுகிறது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டது காலை ஒன்பது மணியைத் தாண்டிய சற்று நேரத்தில். அகில இந்திய வானொலி அவருடைய மரணத்தை முறையாக அறிவித்தபோது மாலை ஆகிவிட்டது. அதற்குள் பிபிசி வழியாகவும் வாய்மொழியாகவும் செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. ‘முதலில் கேட்டது’ என்று எதைச் சொல்வது? சுடப்பட்டார் என்று கேட்டதையா, இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னதையா, வானொலி உறுதி செய்ததையா? 2016 டிசம்பர் 5 இதைவிடக் குழப்பமானது. முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாக மாலையிலேயே சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏற்றப்பட்டது. இரவு 11.30 மணிக்கு அவர் மறைந்தார் என்ற அறிக்கை வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. மாலையில் கேட்டு அதிர்ந்து, பொய் என்று தெளிந்து, நள்ளிரவிலோ காலையிலோ மறுபடி அறிந்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்துச் சொல்லும்போது இந்த மூன்றையும் தனித்தனியே சொல்ல மாட்டார். கதைக்கு ஒரு கணம்தான் தேவை. மாலையில் அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கிளம்பியதும் நள்ளிரவு அறிவிப்பும் ஒரே காட்சியாக இணைந்திருந்தால் வியப்பதற்கில்லை.

இதற்கு மூளை தரும் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிர்ச்சியின்போது அமிக்டலா என்ற சிறு பகுதி முடுக்கப்பட்டு, அருகிலுள்ள ஹிப்போகேம்பஸில் நினைவு பதியும் வேலைக்கு அழுத்தம் கொடுக்கிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்களும் துணை நிற்கின்றன. செப்டம்பர் 11 நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து நியூயார்க்வாசிகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அன்று இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே இருந்தவர்களிடம்தான், தொலைவில் இருந்தவர்களைவிட, அந்த நாளை நினைக்கும்போது அமிக்டலா அதிகமாகத் தூண்டப்பட்டது. ஆக, உணர்ச்சி நினைவை வலுப்படுத்துகிறது என்பதில் தவறில்லை. ஆனால் உணர்ச்சி எல்லாவற்றையும் சமமாக வலுப்படுத்துவதில்லை. அச்சுறுத்தும் மையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓரங்களை நழுவ விடுகிறது. ஓரங்கள்தாம் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் விவரங்கள்.

ஹார்மோன்களைவிடப் பெரிய பங்கு பேச்சுக்கு இருக்கிறது என்பது என் கருத்து. இத்தகைய நாளில் எவரும் சும்மா இருப்பதில்லை. திண்ணையில், தேநீர்க் கடையில், அலுவலகத்தில், மறுநாளும் அதற்கு மறுநாளும், ‘நான் அப்போது...’ என்று தொடங்கும் பேச்சுதான். சொல்லச் சொல்லக் கதை செம்மையாகிறது. கேட்பவர் கவனம் சிதறிய இடம் சுருங்குகிறது, வியந்த இடம் நீள்கிறது, காரணம் விளங்காத இடத்தில் ஒரு காரணம் முளைக்கிறது. அடுத்த முறை நினைவுகூரும்போது மனத்தில் எழுவது நடந்தது அன்று, கடைசியாகச் சொன்னது. பலமுறை சொன்ன கதை தங்குதடையின்றி வருகிறது. தடையின்றி வருவதையே நாம் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

செப்டம்பர் 11 தொடர்பாக வில்லியம் ஹர்ஸ்ட், எலிசபெத் ஃபெல்ப்ஸ் முதலியோர் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தொடங்கி, பத்தாண்டுகள் வரை தொடர்ந்த பெரிய ஆய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. விவரங்கள் பெருமளவு மாறியது முதல் ஆண்டுக்குள்தான். அதன்பின் அவரவர் கதை உறைந்துவிட்டது, பிழையோடு உறைந்தவர் பிழையையே பிற்பாடும் சொன்னார். மிக மோசமாக நினைவிருந்தது எது தெரியுமா? அன்று என்ன உணர்ந்தோம் என்பது. இன்றைய துயரத்தையோ கோபத்தையோ எடுத்து அன்றைய கணத்தின் மேல் வைத்துவிடுகிறோம். இன்னொரு நுட்பமும் அதில் தெரிந்தது: எத்தனை விமானங்கள், எங்கெங்கே விழுந்தன போன்ற பொது விவரங்களில் செய்த பிழைகளை நாளிதழும் தொலைக்காட்சியும் காலப்போக்கில் திருத்திவிட்டன. நான் எங்கே நின்றேன் என்பதைத் திருத்த எந்த நாளிதழும் இல்லை.

இத்தனையும் படித்த பிறகு, மூத்தவர்கள் சொல்வதையெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடத் தோன்றினால், அது அடுத்த தவறு. டென்மார்க்கில் டோர்த்த பெர்ன்ட்சனும் டோர்த்த தாம்சனும் 145 முதியவர்களிடம் இரண்டு நாட்களைப் பற்றிக் கேட்டார்கள்: 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் நுழைந்த நாள், 1945 மே 4 மாலையில் விடுதலைச் செய்தி வானொலியில் வந்த நாள். நிகழ்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியிருந்தது. அவர்கள் கேட்டது வெறும் கதை அன்று. அன்று வெயிலா மழையா, என்ன கிழமை, வானொலிச் செய்தி எத்தனை மணிக்கு என்பன போன்று ஆவணங்களோடு ஒத்துப்பார்க்கக்கூடிய கேள்விகள். முதியவர்களின் விடைகள், அக்காலத்தில் பிறந்திராத இளையவர்களின் ஊகங்களைவிட வெகுவாகச் சரியாக இருந்தன. ஜெர்மானியரை எதிர்த்த இயக்கத்தோடு தொடர்புடையவர்களின் நினைவு, மற்றவர்களுடையதைவிட விரிவாகவும் துல்லியமாகவும் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் செய்தியில் கண்ட அதே பாடம்: யாருக்கு அந்த நாளில் பங்கு இருந்ததோ, அவர்களிடம் அது நன்றாகவே தங்குகிறது.

எனவே கேட்கும் முறைதான் முக்கியம். தாத்தாவிடமோ அத்தையிடமோ 1984 பற்றியோ 1991 பற்றியோ பதிவு செய்ய உட்காரும் இளைஞர்கள், முதலில் அவர்களைத் தடுக்காமல் முழுக்கச் சொல்ல விட வேண்டும்; அதற்கு முன் பழைய காணொளி எதையும் போட்டுக் காட்டக்கூடாது, காட்டினால் அது நினைவுக்குள் புகுந்துவிடும். சொல்லி முடித்த பின், வெளியே சரிபார்க்கக்கூடிய கேள்விகளைக் கேட்கலாம்: என்ன கிழமை, பள்ளி நடந்ததா விடுமுறையா, மழை பெய்ததா, கேட்டது வானொலியிலா தொலைக்காட்சியிலா, அப்போது வீட்டில் தொலைக்காட்சி இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார். பக்கத்தில் இருந்ததாகச் சொல்லப்படுபவர் உயிரோடு இருந்தால், அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால், குரல் ஓங்கியவரின் கதையே இருவருக்கும் கதையாகிவிடும். இருந்த இடமும் உடனிருந்தவரும் ஒப்பீட்டளவில் நிலைத்து நிற்பவை. அன்றைய உணர்ச்சி, நிகழ்ச்சிகளின் வரிசை, திரையில் பார்த்ததாகச் சொல்லும் காட்சி ஆகியவற்றைத்தான் ஐயத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். 1984 அக்டோபர் 31 புதன்கிழமை, 1991 மே 21 செவ்வாய்க்கிழமை. கிழமையைச் சொல்லும்போது அவர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்களா, சந்தை நாளையோ விரத நாளையோ வைத்துச் சொல்கிறார்களா என்பதையும் குறித்துக்கொண்டால், பதிவைப் பின்னாளில் படிப்பவருக்கு உதவும்.